ஃபெரியை விட்டு இறங்கிய பிறகு

பினாங்குப் பாலத்தில் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. அதனால் மலேசியாவின் தெற்கு முனையில் இருக்கும் ஜோகூர் பாருவிலிருந்து எட்டு நாள் மிதித்து வந்த நாங்கள் பதினான்கு பேரும் கடைசித் துண்டைக் கடல் வழியாகத்தான் கடந்தோம். பட்டர்வொர்த் ஜெட்டியில் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே எங்கள் சைக்கிள்களை நிறுத்திவிட்டு ஃபெரியில் போய் உட்கார்ந்தோம். 2023இல் வந்த புதிய ஃபெரி. முந்தைய பெரிய ஃபெரிகளில் கார் ஏறும், இதில் ஏறாது. அக்கரைக்குப் பத்து பதினைந்து நிமிடம் ஆகும். அந்த நேரம் முழுக்க யாரும் பேசவில்லை. எட்டு நாளாக ஓயாமல் பேசிக்கொண்டே வந்த கூட்டம் அது.

ஜெட்டியிலிருந்து பாடாங் கோத்தா கடற்கரைத் திடலுக்கு ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். அங்கே போய் நின்றபோது என் மீட்டரில் 806 கிலோமீட்டர். என் கணவர் ஒரு பெரிய இளநீரைச் சீவி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். நான் இரண்டு கையாலும் வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன். குடித்துவிட்டு நிமிர்ந்தால், கொஞ்சம் தள்ளி மரநிழலில் அண்ணன் நிற்கிறார். அவருக்காகத்தான் கிளம்பினேன். அவருக்கு இளநீர் ஆகாது. சிறுநீரகம் நின்றுபோனவர்களின் உடம்பில் பொட்டாசியம் தங்கிவிடும், தங்கினால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். இளநீரில் அது நிறைய இருக்கிறது. என்னைத் தெருவில் நிமிர்த்தி வைத்ததே அவருக்கு விஷம்.

அண்ணன் ஆறு வருடமாக டயாலிசிஸில் இருக்கிறார். செவ்வாய், வியாழன், சனி, தடவைக்கு நான்கு மணி நேரம். வருடத்துக்கு 156 தடவை. பட்டர்வொர்த் பக்கம் தொண்டு முறையில் நடக்கும் ஒரு மையத்தில்தான் செய்கிறார். சிகிச்சைச் செலவில் தங்கள் பங்கைக் கட்ட முடியாத நோயாளிகளுக்கு அங்கே ஒரு நிதி இருக்கிறது. அந்த நிதிக்காகத்தான் எங்கள் சவாரி. எனக்கு வயது 44. பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. இதற்கு முன் ஒரே நாளில் 60 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியதில்லை.

சாலையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். நெடுஞ்சாலையில் சைக்கிள் போகக்கூடாது என்பதால் கடற்கரையோரமாகப் போகும் 5ஆம் எண் கூட்டரசுச் சாலையைப் பிடித்தோம். பத்து பகாட், மலாக்கா, போர்ட்டிக்சன், கிள்ளான், சபாக் பெர்ணம், சித்தியவான், தைப்பிங் என்று ஏழு ஊர்களில் இரவுத் தங்கல். மழை ஊர் என்ற பேரைத் தைப்பிங் காப்பாற்றிக்கொண்டது: ஊருக்குள் நுழைந்ததும் மழை, மறுநாள் கிளம்பும்வரை மழை. நம்மூரில் ஏழு மணிக்கு மேல்தான் விடிகிறது. ஆறு மணி பாங்கு கேட்கும்போதே முன்விளக்கு பின்விளக்கு போட்டுக் கிளம்பிவிடுவோம். பதினொரு மணிக்குள் அன்றைய தூரத்தில் பெரும்பகுதியை முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் தார்ச்சாலையிலிருந்து எழும் வெக்கை ஆளைத் தின்றுவிடும்.

சாலைக் கதையில் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் எங்களில் ஒருவருக்குத் தலைவலி, வாந்தி, கொஞ்சம் தடுமாற்றம். வெயில்தான் காரணம் என்று நினைத்து மேலும் மேலும் தண்ணீர் கொடுத்தோம். அவருடைய மோதிரம் விரலில் இறுகிக் கிடந்ததைக் கூட வந்த நர்ஸ்தான் கவனித்தார். கிளினிக்கில் பார்த்தால் உடம்பில் உப்பு இறங்கிவிட்டது. மனிதர் மூன்று நாளாக வெறும் தண்ணீர் மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்திருக்கிறார். வியர்வையில் உப்பும்தானே போகிறது? அன்றிலிருந்து எல்லோரும் ஒரு பாட்டிலில் தண்ணீர், ஒரு பாட்டிலில் உப்பும் சர்க்கரையும் கலந்த பானம் என்று வைத்துக்கொண்டோம். வழியில் கஞ்சியும் ஊறுகாயும் கிடைத்தால் விடுவதில்லை. நீண்ட சவாரிக்குப் போகிறவர்கள் தாகத்துக்குக் குடியுங்கள், உப்பை மறக்காதீர்கள். தலைவலியோடு விரலும் வீங்கியிருந்தால் மேலும் தண்ணீர் ஊற்றாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

இனிமேல் நான் எழுத நினைத்ததற்கு வருகிறேன். கிளம்புவதற்கு முன் ஆறு மாதம் பயிற்சி எடுத்தேன். எந்த டயர், என்ன சாப்பாடு, எத்தனை மணிக்குத் தூக்கம் என்று எல்லாம் கேட்டுக் கேட்டுத் தயார் செய்தேன். வீடு திரும்பிய பிறகு என்ன என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் முடித்துவிட்டுத் திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகலாம் என்று இருந்தேன்.

திங்கட்கிழமை காலை மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்து, சின்னஞ்சிறு பாகத்தை இடுக்கியால் எடுக்கப் போனால் இடுக்கி விரலில் நிற்கவில்லை. இரண்டு கையிலும் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துக் கிடந்தன. நாள் முழுக்கக் கைப்பிடியில் உள்ளங்கையை ஊன்றி ஊன்றி, மணிக்கட்டின் ஓரமாகப் போகும் நரம்பு நசுங்கியிருக்கிறது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குச் சேலை கட்டினேன். தோளில் ஊக்குக் குத்த முடியாமல் மகனைக் கூப்பிட்டேன். பதினைந்து வயதுப் பையன், எங்கே எனக்குக் குத்திவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குத்திவிட்டான். மரமரப்பு போக மூன்று வாரம் ஆனது. திண்டு வைத்த கையுறை போட்டிருந்தேன், ஆனால் கைப்பிடி எனக்குத் தாழ்வாக இருந்தது. அதை ஒரு விரல்கடை உயர்த்திவிட்டு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை கையை இடம் மாற்றி மாற்றிப் பிடித்திருந்தால் இவ்வளவு வந்திருக்காது. மரத்துப்போவதோடு கையில் வலுவும் குறைந்தால் காத்திருக்காமல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றைப் பெண்கள் பலர் வெளியே சொல்வதில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டாம் நாளே உட்காரும் இடத்தில் தோல் உரிந்துவிட்டது. குழுவில் நான்கு பேர்தான் பெண்கள். ஆண்களுக்கு நடுவே இதை எப்படிச் சொல்வது என்று மறைத்தேன். நான்காம் நாள் அது புண்ணாகிவிட்டது. நான் இருக்கையில் ஒருக்களித்து உட்காருவதைப் பார்த்து நர்ஸ் தனியே கூப்பிட்டுக் கேட்டார். அவர் சொன்னவை எல்லாம் முதல் நாளே செய்திருக்க வேண்டியவை. திண்டு வைத்த சைக்கிள் கால்சட்டைக்குள் வேறு உள்ளாடை போடக்கூடாது. காலையில் கிளம்புமுன் உராய்வைத் தடுக்கும் களிம்பு தடவ வேண்டும். தங்கும் இடம் வந்தால் சாப்பாடு, படம் எல்லாம் அப்புறம், முதல் வேலையாக ஈரக் கால்சட்டையைக் கழற்றிக் குளித்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு வாரம் தளர்ந்த பருத்தி உடைதான். வெட்கப்பட்டு மறைத்த இரண்டு நாளுக்கு விலையாகப் பத்து நாள் வலி.

கணுக்கால் இரண்டும் முதல் இரண்டு இரவு வீங்கியிருந்தன. தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துப் படுத்ததும் வடிந்துவிட்டது. பசிதான் விடவில்லை. ஓட்டம் நின்றது வயிற்றுக்குத் தெரிய ஒரு வாரம் ஆகிறது. அதுவரை நாசி லெமாக் இரண்டு பொட்டலம் கேட்கும். ஒரேயடியாகக் குறைக்காமல் மெல்ல மெல்லக் குறையுங்கள். ஒரேயடியாகப் படுத்தும் விடாதீர்கள். மறுநாளே அரை மணி நேரம் சமதரையில் மெதுவாக மிதித்தவர்களுக்குக் கால் சீக்கிரம் தளர்ந்தது. நான் வேலை முடிந்ததும் கட்டிலில் கிடந்தேன், எனக்குப் புதன்கிழமைவரை வலியில்லாமல் படியிறங்க முடியவில்லை.

வீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எட்டு நாள் சமையல், துணி, மகனின் டியூஷன், என் மாமியாரின் மருந்து எல்லாவற்றையும் கணவர் ஒற்றை ஆளாகப் பார்த்திருக்கிறார். நான் வந்ததும் வாசலில் மாமியார் ஆரத்தி எடுத்தார், அக்கம்பக்கத்தார் கைகுலுக்கினார்கள். நான் சோபாவில் உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டே இருந்தேன். கணவர் என் சேற்றுத் துணிகளை ஒவ்வொன்றாக வாளியில் ஊறப் போட்டுக்கொண்டிருந்தார். இரவு பத்து மணிக்குத்தான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். என்னைவிட அவர்தான் களைத்திருந்தார். இன்னொரு தடவை போனால், முடிக்கும் நாளுக்குப் பின் இரண்டு நாள் கூடுதலாக லீவு போடுவேன். ஒரு நாள் எனக்கு, ஒரு நாள் அவருக்கு.

அப்புறம் அந்த வெறுமை. வீடு வந்த நான்காம் நாள் அதிகாலை நாலரைக்கு விழிப்பு வந்துவிட்டது. எழுந்து சமையல்கட்டில் விளக்கைப் போட்டுவிட்டு நின்றேன். எங்கும் போக வேண்டியதில்லை. எட்டு நாளாக ஒவ்வொரு காலையும் இத்தனை கிலோமீட்டர் என்று தெளிவாக இருந்தது. இப்போது ஒன்றுமில்லை. கண்ணீர் வந்தது, ஏன் என்று தெரியவில்லை. குழு வாட்ஸ்அப்பில் கேட்டேன். அந்த நேரத்தில் ஐந்து பேர் விழித்திருந்தார்கள், ஐந்து பேருக்கும் அதே நிலை. அதைப் படித்ததும் மனம் கொஞ்சம் லேசானது. அந்த ஞாயிறு நான்கு பேர் கர்னி டிரைவில் சந்தித்து, மீட்டர் போடாமல் கடற்காற்றில் மெதுவாக ஓட்டிவிட்டுப் பசியாறினோம்.

சைக்கிளையும் நான் கவனிக்கவில்லை. தைப்பிங் மழை, ஃபெரியின் உப்புக் காற்று இரண்டையும் வாங்கிய சங்கிலியை அப்படியே சுவரில் சாய்த்துவைத்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் முழுக்கச் செந்துரு. வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, எண்ணெய் விட்டிருந்தால் பத்து நிமிட வேலை. கைப்பிடி நாடாவையும் பிரித்துப் பாருங்கள், வியர்வை உப்பு உள்ளே தங்கி அலுமினியத்தை அரிக்கும். பின் டயரை விளக்கு வெளிச்சத்தில் வைத்து விரலால் தடவினேன். மயிரிழை மாதிரி ஒரு கம்பி குத்தியது. லோரி டயர்கள் வெடித்துச் சிதறும்போது விழும் எஃகுக் கம்பி அது. இடுக்கியால் பிடித்து இழுத்தேன், அரை அங்குலத்துக்கு வந்தது. டியூபைத் தொட ஒரு மயிரிழைதான் பாக்கி. எந்த ஊரில் ஏறியதோ, என்னோடு வீடுவரை வந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை அண்ணனைப் பார்க்க மையத்துக்குப் போனேன். குழுவில் இரண்டு பேரும் வந்தார்கள், கையில் ஒரு பெரிய பழக்கூடை. மையத்து நர்ஸ் புன்சிரிப்போடு வாங்கி, நேராக ஊழியர் அறைக்குக் கொண்டுபோய்விட்டார். திரும்பி வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “அக்கா, அதுல நட்சத்திரப் பழம் இருக்கு. இவங்க ஒரு துண்டு சாப்பிட்டாக்கூட ஆபத்து.” அந்தப் பழத்தில் உள்ள ஒரு நச்சை நல்ல சிறுநீரகம் வெளியேற்றிவிடும். நின்றுபோன சிறுநீரகத்தால் முடியாது. விடாத விக்கலில் தொடங்கி, குழப்பம், வலிப்பு, உயிர் போவதுவரை கொண்டுபோய்விடும். வாழைப்பழமும் இளநீரும் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆறு வருடமாக அண்ணனோடு இருந்தும் இது தெரியாது. டயாலிசிஸ் மையத்துக்கு எதையாவது கொண்டுபோக நினைத்தால் முன்கூட்டியே போன் போட்டுக் கேளுங்கள். எங்கள் மையத்தில் அவர்களுக்கு வேண்டியிருந்தது போர்வை. மெஷினில் இருக்கும்போது பலருக்குக் குளிரும்.

அண்ணன் பக்கத்தில் ஒரு சின்ன பாட்டில், 600 மில்லி. அதில் பிளாஸ்டர் ஒட்டி மூன்று கோடு போட்டிருந்தார்: காலை, மதியம், இரவு. அதுதான் அவருக்கு ஒரு நாள் தண்ணீர். சாலையில் நான் சாதாரணமாக ஆறு ஏழு லிட்டர் குடித்தேன். பழக்க தோஷத்தில் அன்றும் பையில் இரண்டு லிட்டர் பாட்டிலோடு போயிருந்தேன். அதை நாற்காலிக்குப் பின்னால் தள்ளினேன். அண்ணன் பார்த்துவிட்டார்.

“ஏன்மா ஒளிக்கிற? குடி. நீ குடிக்கிறதப் பாத்தா எனக்கே தொண்டை குளுகுளுன்னு இருக்கு.”

குடித்தேன். அப்புறம் என் மரத்துப்போன விரல்களைப் பற்றிச் சொன்னேன். ஊசி ஏறாத நேரத்தில் ஒருநாள் தொட்டுப் பார் என்றார். மறுநாள் வீட்டுக்குப் போனபோது இடது கையை நீட்டினார். டயாலிசிஸ் ஊசிக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்து வைத்திருக்கும் இடம், முழங்கைக்குக் கீழே கயிறு மாதிரி புடைத்திருக்கும். அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. ஆறு வருடத்தில் நான் ஒருமுறைகூட அதைத் தொட்டதில்லை, பயம். அன்று விரல் வைத்தேன். மரத்த விரலுக்கே தெரிந்தது, உள்ளே விர்ர்ரென்று ஓயாமல் அதிர்கிறது. கரடுமுரடான சாலையில் கைப்பிடி அதிருமே, அதே அதிர்வு. “தினமும் காலையில எந்திரிச்சதும் இதத்தான் தொட்டுப் பாப்பேன். ஓடுதுன்னா சரி” என்றார்.

கடைசியாகப் பணம். இதில்தான் மூன்று வாரம் போனது. நன்கொடை எதுவும் எங்கள் கைக்கு வரக்கூடாது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம். மையத்தின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகிற டுயிட்நவ் கியூஆரைத்தான் (போனில் ஸ்கேன் செய்து பணம் அனுப்பும் குறியீடு) எல்லோருக்கும் அனுப்பினோம். தங்கல், சாப்பாடு, உதவி வேனுக்கு எண்ணெய் எல்லாம் எங்கள் சொந்தச் செலவு. கணக்குத் தாளின் முதல் வரியாக அதைத்தான் எழுதினேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் கேட்பதும் அதுதான். தெருவில் உண்டியல் குலுக்க ஆசைப்பட்டவர்களைத் தடுத்துவிட்டோம். பொது இடத்தில் வசூலிக்க நம் நாட்டில் போலீஸ் அனுமதி வேண்டும்.

தவறு விட்டது கிலோமீட்டர் வாக்குறுதியில். கிலோமீட்டருக்குப் பத்து காசு என்று சொன்னவர்கள் பலர். 806க்கு எண்பது வெள்ளி அறுபது காசு. சவாரி முடிந்து நாளாக ஆக அந்தச் சூடு ஆறிவிடும். முடித்த அன்று இரவே ஒவ்வொருவருக்கும் அவரவர் தொகையைக் குறிப்பிட்டு நன்றியும் கியூஆரும் அனுப்பியிருக்க வேண்டும். நான் ஒன்பது நாள் கழித்து அனுப்பினேன். பன்னிரண்டாம் நாள் 22 பேர் பாக்கி. போன் போடுவது கூச்சமாக இருந்தது. ஆனால் போட்டால்தான் தெரிகிறது, பெரும்பாலோர் மறந்துதான் போயிருந்தார்கள். ஒரு அக்காவுக்கு இடையில் வேலை போய்விட்டது. “நீங்க சொன்னதே போதும், விட்டுடுங்கக்கா” என்றேன். மறுநாள் பத்து வெள்ளி போட்டிருந்தார். கிலோமீட்டருக்கு ஒரு வெள்ளி தருகிறேன் என்ற ஒரு கடைக்காரர் மட்டும் பதிலே சொல்லவில்லை. மூன்றாவது செய்தியோடு நிறுத்திக்கொண்டேன். துரத்தினால் அடுத்த தடவை நல்ல மனதோடு கொடுப்பவர்களும் தயங்குவார்கள்.

ரசீதும் அப்படித்தான். அங்கீகாரம் பெற்ற தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தால் வருமான வரிக் கழிவு உண்டு. அந்த ரசீதுக்குப் பெயரும் அடையாள அட்டை எண்ணும் வேண்டும். அதை வாக்குறுதி வாங்கும்போதே கேட்டு எழுதியிருந்தால் ஒரு வாரம் மிச்சம்.

வழியில் கேட்காமலே ரொக்கமாக வந்த காசுக்கு ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தேன். இடம், தேதி, தொகை, அங்கேயே எழுதிவிடுவேன். சபாக் பெர்ணத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கோயில் வாசலில் நிழலுக்கு நின்றபோது, ஒரு பாட்டி எங்கள் சட்டையில் இருந்ததைப் படித்துவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்தார். நாலாக மடித்த ஐந்து வெள்ளி. “எங்க வீட்டுக்காரருக்கும் இதான் ஆச்சு. அப்ப மெஷின் கெடைக்கல” என்று சொல்லிவிட்டு, பெயர் கேட்பதற்குள் உள்ளே போய்விட்டார்.

மையத்தில் ரசீது எழுதும் பெண் பெயரைக் கேட்டபோது, சபாக் பெர்ணம் பாட்டி என்று எழுதச் சொன்னேன். எழுதிக் கொடுத்தார். அந்த ரசீது இன்னும் என் சைக்கிள் பையில் இருக்கிறது. கோயிலை வரைபடத்தில் குறித்து வைத்திருக்கிறேன். அடுத்த பள்ளி விடுமுறையில் கிள்ளானுக்குப் போகிறோம், கடற்கரைச் சாலையைப் பிடித்தால் வழியில்தான் வரும். அண்ணனும் வருகிறேன் என்கிறார். சனிக்கிழமை டயாலிசிஸ் முடித்து ஞாயிறு காலை கிளம்பினால், திங்கள் இரவுக்குள் அவரைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடலாம்.